பதினான்காம் நாள் வீடு

செப்டம்பர் 7, ஞாயிறு

இதைப் படிக்கிறவர்கள் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து ஆனை மாதிரி இருக்கிறது, பக்கத்து எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறது. கோட்டின் மேல் நிற்க வைத்தால் இறங்கிப் படுத்துக்கொள்கிறது. ஐம்பது வருஷம் உப்பளத்தில் பலகை பிடித்து உப்பு வாரிய கை இது. பேனாவையும் பலகை மாதிரியே பிடிக்கிறேன் என்று சிஸ்டர் ரெமிஜியா சொல்கிறார்.

என் பெயர் சந்தியாகு. வயது எழுபத்திரண்டு.

மேலே இருக்கும் வரியை யாரையும் கேட்காமல் நானே எழுதினேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் படித்துப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது.

எங்கள் கோயிலின் பங்கு மண்டபத்தில் மத்தியான வகுப்பு நடக்கிறது. நாங்கள் ஒன்பது பேர் படிக்கிறோம். வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி எழுதிக் காட்ட வேண்டும் என்பது சிஸ்டரின் உத்தரவு. வகுப்பு நோட்டை அவர் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பார். நான் அதைப் பார்த்து இந்த நல்ல நோட்டில் திரும்ப எழுதுகிறேன்.

இன்று பூசையில் சுவாமி ஒரு பிரசங்கம் வைத்தார். தூய ஆவி ஒவ்வொருவருக்கும் ஒரு வரம் கொடுத்திருக்கிறாராம். அதைப் பெட்டியில் பூட்டி வைக்கக் கூடாது, பங்கு மக்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். கடைசியில் ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். ‘உங்கள் வரம் எது?’ என்று அச்சடித்திருந்தது. நானே வாசித்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஒரு வாரமாக வீட்டில் அந்தத் தாள்தான் பேச்சு.

“மாமா, ஒக்காந்தபடியே ஒறங்குறதுன்னு எழுதுங்க. அந்த வரம் ஒங்களுக்கு மட்டுந்தான் இருக்கு” என்றாள் மருமகள் ஜெசிந்தா.

அவள் சமையல் என்று எழுதினாள். என் மகன் மைக் செட் வேலை என்று எழுதினான். எங்கள் தெரு வீடுகள் சேர்ந்த செபக் குழுவான அன்பியத்தின் தலைவி செல்வராணி நாலு வரம் எழுதி, இடம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதியிருந்தாள்.

நான் யோசித்து யோசித்துக் கடைசியில் ‘எனக்கு எழுத வரும்’ என்று எழுதினேன். பூசை முடிந்து சுவாமி கையில் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு என்னை ஒரு முறை பார்த்தார், தாளை ஒரு முறை பார்த்தார்.

“அப்ப ஒங்களுக்கு ஒரு வேலை இருக்கு தாத்தா” என்றார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

வேலை இதுதான். அக்டோபர் மாதம் செபமாலை மாதம். மாதா சுரூபம், அதாவது சிலை, எங்கள் அன்பியத்தில் வீடு வீடாகப் போகும். சாயங்காலம் ஒரு வீட்டுக்கு வந்து, அங்கே செபமாலை சொல்லி, மறுநாள் சாயங்காலம் வரை தங்கும். பிறகு அந்த வீட்டுக்காரர் சுமந்துகொண்டு போய் அடுத்த வீட்டு வாசலில் நின்று “மாதா வந்தாவ” என்பார். உள்ளே இருப்பவர் கை நீட்டி, “வரட்டும், நம்ம வீடுதான்” என்று வாங்கிக்கொள்வார். மாதா முன்னாலேதான் போவார். புறப்பட்ட வீட்டுக்குத் திரும்பி வர மாட்டார். எங்கள் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்.

எந்த நாள் எந்த வீடு என்று பட்டியல் எழுதிக் கோயில் பலகையில் ஒட்ட வேண்டும். இந்த வருஷம் அதை எழுதப்போவது நான். சுவாமி சொன்னபோது செல்வராணி இருமினாள்.

செப்டம்பர் 25, வியாழன்

ஆறு தாள் வீணாய்ப் போனது. ஏழாவது நன்றாக வந்தது.

வழக்கமாகக் கிழக்கு வரிசை முழுவதும் போய், பிறகு மேற்கு வரிசை வழியாகத் திரும்பும். நான் கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று என்று மாற்றி மாற்றி எழுதினேன். மாதாவுக்கு நடை குறையும் என்று நினைத்தேன். அப்படி எழுதியதில் பதின்மூன்றாம் நாள் எங்கள் வீடு வந்தது. பதினான்காம் நாள் எதிர் வீடு வந்தது. தானாக வந்தது.

செப்டம்பர் 28, ஞாயிறு

பூசை முடிந்து பலகை முன்னால் கூட்டம். முதலில் எல்லோரும் என் எழுத்தைப் பாராட்டினார்கள். அப்புறம் செல்வராணி பதினான்காம் வரியில் விரலை வைத்தாள்.

“சித்தப்பா, இது என்னது?”

“வீடு.”

“வீடுன்னு தெரியுது. பதினோரு வருசமா மாதா அந்த வீட்டுக்குப் போகல்லியே. அவிய வேண்டாம்னு சொல்லிட்டாவள்ளா. அந்த ஒரு நாளும் மாதா எங்க வீட்டுலதான தங்கும்?”

உண்மைதான். முப்பத்தொரு வீட்டில் அந்த ஒரு வீடு குறைவதால் தலைவி வீட்டில் மாதா இரண்டு நாள் தங்குவார்.

“புதுசா படிச்சவன்மா. தெரியாம எழுதிட்டேன்” என்றேன்.

“அப்ப அடிச்சிருங்க.”

சுவாமி வந்து பார்த்தார். அவர் இந்தப் பங்குக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. “அவங்களும் நம்ம பங்குதானே? இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே எதிர் வீட்டைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கிறது. அது எஸ்தாக்கியின் வீடு. என் மனைவி செபஸ்தியாளின் சொந்த அண்ணன். எனக்கு மச்சான். முப்பது வருஷம் இந்தப் பங்கில் செபமாலைப் பாட்டும் மாதா மன்றாட்டும் அவர்தான் பாடினார். அவர் குரல் எடுத்தால் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் கூட நிமிர்ந்து நிற்பார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால், அவர் பாடுவது பழைய மாதிரி, புதுப் பாட்டுக் குழு வேண்டும் என்று ஒரு மனு போனது. நாற்பத்திரண்டு பேர் கையெழுத்து. அப்போதிருந்த சுவாமி அதை அவரிடமே வாசித்துக் காட்டினார். நாற்பத்திரண்டு பெயரையும். அதில் ஒரு பெருவிரல் ரேகை என்னுடையது.

அது மைக் செட் கேட்டு எழுதின மனு என்று நான் நினைத்தேன். எனக்குத்தான் அப்போது வாசிக்கத் தெரியாதே.

அன்றோடு எஸ்தாக்கி எங்கள் கோயிலுக்கு வருவதில்லை. ஞாயிறுதோறும் பஸ் ஏறி அடுத்த பங்குக்குப் போய்ப் பூசை காண்கிறார். என்னோடு பேச்சும் இல்லை. நடுவில் பன்னிரண்டு எட்டு வைத்தால் கடக்கிற தெருதான்.

செப்டம்பர் 30, செவ்வாய்

சிஸ்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். எழுத்துப் பிழையைத் திருத்தியதோடு, மைக் செட் என்று எழுதிய வரியின் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருந்தார். அந்த வரியில் என்ன பிழை என்று எனக்குத் தெரியவில்லை.

அக்டோபர் 1, புதன்

மாதா புறப்பட்டார். முதல் வீட்டில் சுண்டல், இரண்டு வாழைத்தார் தோரணம். ஜெசிந்தாவின் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது. திரும்பும்போது ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் வந்து, “தாத்தா, நாளைக்கு யார் வீடு?” என்று கேட்டாள். பலகையில் இருக்கிறது, போய்ப் பார் என்றேன். அப்படிச் சொல்ல எவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அக்டோபர் 4, சனி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஒன்றைத் தவிர எல்லாப் பாவத்தையும் சுவாமியிடம் சொன்னேன்.

அக்டோபர் 6, திங்கள்

தண்ணீர்க் குழாயில் எஸ்தாக்கியின் மனைவி கித்தேரி நின்றாள். அவள் மட்டும் என்னோடு பேசுவாள், அதுவும் குழாயடியில் மட்டும்.

“அண்ணன், பட்டியல் சேதி அவிய காதுக்குப் போயிட்டு. கதவத் தொறக்க மாட்டேன்னு சொல்லுதாவ.”

“தெரியாம விழுந்துட்டு தங்கச்சி. எழுத்துப் பழக்கம் இல்லாதவன் பாரு.”

அவள் குடத்தை இடுப்பில் தூக்கி வைத்தாள்.

“ஒங்களுக்கு எழுத்து வந்தாலும் வரல்லேன்னாலும் பொய் மட்டும் நல்லா வரமாட்டேங்கு” என்றாள். பிறகு இரண்டு அடி போய்த் திரும்பி, “மாதா ஸ்டூல நான் கழுவிக் காய வச்சிட்டேன். அது ஏங் காரியம்” என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

தெருவில் எல்லோரும் ஒன்றையே கேட்கிறார்கள். கதவு திறக்காவிட்டால் மாதா எங்கே நிற்பார்? எங்கள் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்றால், கொண்டு போன மாதாவை ஒரு வீடு வாங்காமல் அனுப்பிய அவமானம் அந்த வீட்டுக்குச் சாகும்வரை இருக்கும். எங்களுக்குள் திறக்க மிச்சம் இருக்கிற கதவையும் நானே அடைத்தது போல ஆகும்.

இப்போதும் அடித்துவிடலாம். ஒரு கோடு போதும். பேனா சட்டைப் பையில்தான் இருக்கிறது.

மனு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மைக் செட்டோடு பாட்டைப் பற்றியும் ஏதோ சொன்னார்கள். நான் சரியாகக் கவனிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

மாதா எங்கள் வீட்டில். மகன் சீரியல் விளக்குப் போட்டான். ஜெசிந்தா அவித்த கடலை ஒரு மணி நேரத்தில் காலி. செபமாலையின் நாலாவது மறையுண்மையைப் புத்தகம் பார்த்து நான் வாசித்தேன். ஒரு பத்தி வாசிக்க அத்தனை நேரம் ஆனதில் முன்வரிசையில் ஒரு குழந்தை உறங்கிவிட்டது. யாரும் அவசரப்படுத்தவில்லை. செபஸ்தியாள் இருந்திருந்தால் முந்தானையால் வாயை மூடிச் சிரித்திருப்பாள். சந்தோஷம் வந்தால் அவளுக்கு அப்படித்தான்.

கோடு போடவில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று எழுத வரவில்லை. மாதாவைச் சுமந்த கை பேனாவைப் பிடிக்க மாட்டேன் என்கிறது. பயப்படும்படி ஒன்றும் இல்லை.

அக்டோபர் 15, புதன்

நேற்று நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். எத்தனை நாள் ஆனாலும் சரி.

சாயங்காலம் ஆறரை மணி. தூறல் விழுந்தது. சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு நான் தெருவில் இறங்கினேன். ஜெசிந்தா மாதாவுக்குக் குடை பிடித்தாள். பின்னால் இருபது இருபத்தைந்து பேர் வந்தார்கள். மற்ற நாளில் இத்தனை பேர் வருவதில்லை. வேடிக்கை பார்க்க வந்தார்கள் என்று நான் எழுதக் கூடாது.

எஸ்தாக்கி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே டிவியில் செய்தி ஓடியது. நாங்கள் வாசலில் நின்றதும் சத்தத்தைக் கூட்டினார்கள்.

“மாதா வந்தாவ” என்றேன்.

டிவியில் ஒருவர் நெல் விலை சொன்னார்.

இரண்டாம் முறை சொன்னேன். தூறல் மழையானது. சுரூபம் இரண்டடி உயரம், நல்ல கனம். கை தளர்ந்தது. செல்வராணி என் பக்கத்தில் வந்தாள். அவள் குரலில் சண்டை இல்லை.

“சித்தப்பா, போதும். அடுத்த வீட்டுக்குப் போயிருவோம். எல்லாரும் நனையுதோம்.”

“கொஞ்சம் இரும்மா.”

நான் என்ன சொல்வது என்று வீட்டிலேயே பழகி வைத்திருந்தேன். எழுத்துப் பழக்கம் இல்லாதவன், பட்டியலில் தவறிவிட்டது, வந்ததுதான் வந்துவிட்டோம், வாங்கிக்கொள்ளும் என்று சொல்வதாக இருந்தது.

“மச்சான்” என்று கூப்பிட்டேன். பதினோரு வருஷமாகக் கூப்பிடாத வார்த்தை. “நான் தெரியாம...” என்று தொடங்கினேன். அதற்கு மேல் வாய் போகவில்லை. பதினோரு வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படிக்காதவன், தெரியாமல் செய்துவிட்டேன். இப்போது படித்துவிட்டு வந்தும் அதையேதான் சொல்லப்போகிறேனா?

“தெரிஞ்சுதான் எழுதினேன் மச்சான். அன்னைக்கு அந்த மனுவையும் எனக்கு ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினாவ. ஒம்ம பாட்ட நிப்பாட்டத்தான்னு வெளங்கித்தான் ரேக வச்சேன்.”

டிவி நின்றது.

ஜெசிந்தா என் முகத்தையே பார்த்தாள். கதவுக்குப் பக்கத்து ஜன்னல் பாதி திறந்தது. உள்ளே எஸ்தாக்கியின் தலை மட்டும் தெரிந்தது. முழுக்க நரைத்திருந்தது. எதிர் வீட்டில் இருந்தும் இத்தனை நரை நான் பார்த்ததில்லை.

“இத எதுக்கு மாப்ளே மழையில நின்னு சொல்லுதீரு?”

“நீரு கதவத் தொறக்கல்லியே.”

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள்.

“எதுக்கு வச்சீரு?”

“மாதா திருநாளு சமயம். கோயில்ல எல்லாரும் நிக்காவ. நான் செபப் புத்தகத்தத் தலகீழாப் பிடிச்சிட்டு நின்னேன். நீரு பாட்டுக்கு நடுவுல வந்து, புத்தகத்த வாங்கித் திருப்பி ஏங் கையில தந்துட்டுப் போனீரு. எல்லாரும் சிரிச்சாவ. ஒம்ம தங்கச்சி பக்கத்துல நிக்கா.”

“எப்பவே அது?”

“மனு போன வருசம்.”

“எனக்கு ஓர்மையே இல்லியே.”

“எனக்கு இருக்கு.”

எஸ்தாக்கி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“திருப்பித் தந்தேனா? எல்லார் முன்னாலயுமா?”

“ஆமா.”

“செபஸ்தி என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல்ல. அன்னைக்கு ரெண்டு பேரும் சாப்பிடல்ல.”

உள்ளேயிருந்து கித்தேரியின் குரல் வந்தது. “ஆம்பளைய ரெண்டு பேரும் மிச்சத்த நாளைக்குப் பேசுங்க. மாதா நனையுதாவ.”

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

எஸ்தாக்கி பனியனோடு வாசலுக்கு வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முதலில் மாதாவின் முகத்தைத் துடைத்தார். அதே துண்டால் என் முகத்தையும் துடைத்தார். கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தார். பிறகு கை நீட்டினார்.

“வரட்டும். நம்ம வீடுதான்.”

கூடத்தில் கழுவின ஸ்டூல், மேலே வெள்ளைத் துணி, இரண்டு பக்கமும் மெழுகுதிரி. மெழுகுதிரி பாதி எரிந்திருந்தது. அப்படியானால் டிவிச் சத்தத்தைக் கூட்டியபோதே அது எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

எல்லோரும் உட்கார்ந்ததும் எஸ்தாக்கி தன் பழைய செபப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“படிக்கப் படிச்சிட்டீராமே. வாசியும் பாப்பம்.”

தலைகீழாக நீட்டினார். வேண்டுமென்றேதான். நான் அதைத் திருப்பிப் பிடித்தேன். கித்தேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கிழவன்கள் இரண்டு பேர் மாதா முன்னால் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். செபமாலை தொடங்க ஐந்து நிமிஷம் தாமதம்.

மன்றாட்டு மாலையைச் செல்வராணி தொடங்கப் போனாள். பிறகு நிறுத்திவிட்டு, “மாமா, நீங்க” என்றாள். எஸ்தாக்கி தொண்டையைச் செருமினார். முதல் இரண்டு வரி தகரத்தில் ஆணி இழுத்தது மாதிரி இருந்தது. மூன்றாவது வரியில் பழைய குரல் எங்கிருந்தோ எழுந்து வந்தது. நாங்கள் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்று பதில் சொன்னோம். எனக்கு எல்லா வரியிலும் சொல்ல முடியவில்லை.

அக்டோபர் 18, சனி

பாக்கி இருந்த ஒன்றையும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். சுவாமி, “தெருவே கேட்டாச்சு. நான்தான் கடைசியா?” என்றார்.

சிஸ்டர் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். புதன்கிழமை எழுதின பக்கங்களில் சிவப்பு மையே இல்லை. நானே எட்டுப் பிழை கண்டுபிடித்தேன். அவருக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ.

அக்டோபர் 24, வெள்ளி

எஸ்தாக்கி எங்கள் கோயிலுக்கு வந்தார். பாட்டுக் குழுவில் சேர மாட்டாராம். ஆனால் தினமும் செபமாலைக்கு எல்லா வீட்டுக்கும் வருகிறார், எல்லோருடைய ராகத்தையும் திருத்துகிறார். செல்வராணி வீட்டில் அவளுடைய நாலு வரத்தையும் திருத்தினார். ஒரு நாள் குறைந்தும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குக் காபி மட்டும் சர்க்கரை இல்லாமல் கொடுத்தாள்.

சுவாமி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்க்கச் சொன்னார். நான் சுவிசேஷம் வாசிக்க வேண்டும், எஸ்தாக்கி ஒரு பாட்டுப் பாட வேண்டும். இன்றுதான் தொடக்கம்.

என்னோடு உப்பளத்தில் வேலை பார்த்த தொம்மை வீட்டுக்குப் போனோம். பக்கவாதம் வந்து மூன்று வருஷமாகப் படுத்திருக்கிறார். சீடர்கள் படகில் போகும்போது புயல் வருகிற இடத்தை எடுத்தேன். என் வேகம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டு வாசித்தேன்.

“இப்பிடியே போனா படகு கரை சேர வருசம் ஆகும். நீரு ஒரு பக்கம் வாசிக்கதுக்குள்ள நான் மூணு பாட்டு முடிச்சிருவேன்” என்றார் எஸ்தாக்கி.

தொம்மை வாய் ஒரு பக்கமாகத்தான் பேசும். “அவர விடும். மத்தவிய கடகடன்னு வாசிச்சிட்டுப் போயிருதாவ. எனக்கு ஒண்ணும் பிடிபடாது. இவரு வாசிக்கதுதான் எனக்கு ஒவ்வொரு சொல்லா உள்ள போவுது” என்றார்.

எஸ்தாக்கி அதன் பிறகு என்னை அவசரப்படுத்தவில்லை. பாடும்போதும் மெதுவாகப் பாடினார். தொம்மை கூடவே உதட்டை அசைத்தார்.

வெளிச்சம் மங்கிவிட்டது. என் கண்ணாடிக்கு எழுத்துத் தெரியவில்லை. அலை படகுக்குள் அடிக்கிற இடத்தில் நிறுத்திப் புத்தகத்தை மூடினேன். தொம்மைக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்னவே, தண்ணிய உள்ள விட்டுட்டு எந்திரிக்கீரு?”

“கண்ணு தெரியல்ல தொம்மை.”

“அந்த மனுசம்மாரு அடுத்த வெள்ளி வரைக்கும் நனைஞ்சிக்கிட்டே கெடக்கவா?”

கிடக்கத்தான் வேண்டும். வரும் வாரம் அரை மணி முந்தியே போய், முதலில் அந்தப் புயலை அடக்கிவிட்டு, பிறகு வந்து இந்த நோட்டைத் திறக்கிறேன்.